உரலுக்கேற்ற உலக்கை: பழைய மோட்டார்க் காருக்குப் புதிய பிஸ்டன் தெரிவு செய்வது எவ்வாறு?

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ-32 வீதியிலே, திருக்கேதீச்சரத்தைக் கடந்து விடத்தல்தீவை அடையுமுன் இருப்பது நமது பாப்பாமோட்டை. 2011 ஆம் ஆண்டு ஜனவரியிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் இவ்வீதி யாழ்ப்பாணத்துக்கு நேர்வழியாயிற்று. புதிய வாகனங்கள் பறந்தோடும் இவ்வழியில் இடைக்கிடையே ஒரு பழைய ஒஸ்டினோ மொறிஸ் மைனரோ அடக்கமாக உறுமிக்கொண்டு செல்வதைக் காணலாம். அறுபது எழுபது வயதான இக்கார்களைக் கண்டு இளைஞர் முறுவலிக்கின்றனர். முதியோரோ நன்றியுடன் நோக்குகின்றனர். அந்த நன்றிக்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய கார்களின் மதிப்புப் பன்மடங்கு உயர்ந்தது. கொட்டிலின் மூலையிற் கோழி அடைகாக்கும் இடமாயிருந்த கார்களெல்லாம் வெளியே இழுத்துக் கழுவப்பட்டன. அவற்றை மீண்டும் ஓடச் செய்ய விரும்பும் குடும்பங்களில் இன்று எழும் கேள்வி ஒன்றுதான்: இயந்திரத்துக்கு எந்தப் பிஸ்டனைப் போடுவது? சிறிய கேள்வி போலத் தோன்றினும், விடை தவறினால் திருத்த முடியாத இழப்பு நேரும். உருளையின் சுவரைச் சீவி எறிந்த பின்னர், சீவிய இரும்பை எவராலும் திரும்ப ஒட்டவியலாது அன்றோ?

முசலமும் உரலும்

மாணவர்கள் தங்கள் பாடநூலில் முசலம் என்று படிப்பதுவே பட்டறையில் பிஸ்டன் எனப்படுகிறது. முசலம் என்னும் வடசொல்லுக்கு உலக்கை என்பது பொருள். இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பதரிது. உரலுக்குள் உலக்கை ஏறி இறங்குவது போல, சிலிண்டர் எனப்படும் உருளைக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. உலக்கை உரலை இடிக்கிறது. இங்கே உருளைக்குள் எரியும் வாயு உலக்கையையே இடித்துக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளலைக் கிராங்குத் தண்டு சுழற்சியாக மாற்றிச் சில்லுகளுக்கு அனுப்புகிறது.

இந்த உலக்கையின் வேகத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். 88.9 மில்லிமீற்றர் தூரம் ஏறி இறங்கும் பிஸ்டன், நிமிடத்துக்கு 5500 சுற்றுச் சுழலும் இயந்திரத்திலே ஒரு நிமிடத்தில் 11,000 தடவை நின்று நின்று திரும்புகிறது. அதன் சராசரி வேகம் வினாடிக்கு 16 மீற்றருக்கு மேல். உச்சியிலே நின்று திரும்பும் அக்கணத்தில் அதன்மீது செயற்படும் விசை, அதன் சொந்த எடையைப் போல் 1500 மடங்குக்கும் மேற்பட்டது. ஆகவே நான்கு பிஸ்டன்களில் ஒன்று மற்றவற்றைவிடப் பத்துக் கிராம் கூடியிருந்தால், ஓடும்பொழுது அது 15 கிலோகிராமுக்கு மேலான பாரமாய் இயந்திரத்தை உலுப்பும். நான்கையும் தராசிலிட்டு ஒத்த எடையுள்ளனவாகத் தெரிந்தெடுப்பது இதனாலேயே. எடை கூடியதன் உட்புறத்தில் அதற்கென விடப்பட்ட தடித்த பகுதியை மெல்ல அராவி ஒப்பாக்குவது நல்ல பட்டறைகளின் வழக்கம்.

ஓரிரும்பில் இரு பிறவிகள்

நம் நாட்டு வீதிகளில் நெடுங்காலம் உழைத்த ஒஸ்டின் ஏ-50 கேம்பிறிட்ஜ் கார் 1954 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 1955 இல், எம்.ஜி.ஏ. என்னும் அழகிய விளையாட்டுக் கார் இங்கிலாந்தில் பிறந்தது. முன்னது குடும்பத்தோடு கோயிலுக்கும் சந்தைக்கும் போகும் சாதுவான வண்டி. பின்னது இருவர் மட்டும் அமர்ந்து காற்றைக் கிழித்தோடும் வண்டி. 1934 இல் தொடங்கிய நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போன்ற பந்தயங்களை விரும்புவோர் இத்தகைய கார்களையே கனவு காண்பர். 1962 வரையில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட எம்.ஜி.ஏ. கார்கள் செய்யப்பட்டன.

வியப்பு யாதெனில், இவ்விரண்டின் இயந்திரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. 'பி' வரிசை எனப்படும் அந்த இயந்திரம் இரண்டிலும் 1489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. உருளையின் விட்டம் 73.025 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் நீளம் 88.9 மில்லிமீற்றர். இந்தியாவின் அம்பாசடர் காரிற் பன்னெடுங்காலம் உழைத்ததும் இதே 1489 இயந்திரமே. பிற்காலத்து எம்.ஜி.ஏ. 1588 ஆகவும் பின்னர் 1622 ஆகவும், 1962 இல் வந்த எம்.ஜி.பி. 1798 ஆகவும் பெருத்தபோதும், ஓடும் நீளம் அந்த 88.9 ஆகவே நின்றது. உருளையின் விட்டம் மாத்திரமே கூடிக்கொண்டு சென்றது.

எனினும் ஒஸ்டின் ஏ-50 தந்த ஆற்றல் 50 குதிரைவலு, எம்.ஜி.ஏ. தொடக்கத்தில் தந்தது 68. இந்த வேற்றுமையின் ஒரு பகுதி பிஸ்டனின் தலையில் இருக்கிறது. பெரும்பகுதியோ இரட்டைக் காபரேற்றர், வால்வுகளைத் திறக்கும் தண்டின் வடிவம், வேகமான சுழற்சி ஆகியவற்றில் இருக்கிறது. இதனை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். “அப்பா, எம்.ஜி. காரின் பிஸ்டனையே வாங்கிப் போட்டால் நமது காரும் அப்படிப் பாயாதா?” என்று கேட்கும் பிள்ளைகள் பல வீடுகளில் உளர். பாயாது என்பதே விடை. ஏன் என்பதைக் கணக்கிட்டே காட்டலாம்.

ஒன்பது கன சென்ரிமீற்றரின் கதை

பிஸ்டன் அடியிலிருக்கும்போது உருளைக்குள் உள்ள இடத்தை, அது உச்சியிலிருக்கும்போது எஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது அமுக்க விகிதம். ஏ-50 காரில் இது 7.2, எம்.ஜி.ஏ. 1500 இல் 8.3. நான்கு உருளைகளுள் ஒவ்வொன்றின் கொள்ளளவும் ஏறத்தாழ 372 கன சென்ரிமீற்றர். ஆதலால் 7.2 என்ற விகிதத்துக்கு உச்சியில் எஞ்ச வேண்டிய இடம் 60 கன சென்ரிமீற்றர், 8.3 க்கு எஞ்ச வேண்டியது 51. வேறுபாடு ஒன்பதே ஒன்பது. பாணிமருந்து குடிக்கும் தேக்கரண்டியில் இரண்டுக்கும் குறைவு! பிஸ்டனின் தலையிலுள்ள குழி சற்றே ஆழமாயின் விகிதம் குறையும். குழி தூர்ந்து தட்டையாயின் விகிதம் கூடும்.

இந்தச் சிறு மாற்றத்தால் வரும் இலாபம் எவ்வளவு? பௌதிகம் பயிலும் மாணவர் ஒட்டோச் சக்கரத்தின் சூத்திரத்தில் இவ்விரு எண்களையும் இட்டுப் பார்க்கலாம். ஒன்று 54.6 விழுக்காடு என்றும், மற்றது 57.1 விழுக்காடு என்றும் விடை வரும். அதாவது ஏட்டுக் கணக்கின்படியே, அதே எரிபொருளிலிருந்து நூற்றுக்கு நாலரைப் பங்கு அளவே கூடுதலான வேலை கிடைக்கும். ஐம்பது குதிரை ஐம்பத்திரண்டு ஆகலாம், அறுபத்தெட்டு ஆகாது.

இலாபம் இவ்வளவாயிருக்க, அபாயம் எது? அமுக்கம் கூடினால் வெப்பமும் கூடும். எரிபொருளின் தரம் போதாவிடின், தீப்பொறியிலிருந்து சுடர் பரவி வருமுன்னரே, எஞ்சிய கலவை தானாக வெடித்துவிடும். மேடேறும்போது இயந்திரத்திலிருந்து வரும் 'டக் டக்' என்னும் உலோக ஓசை அதுவே. இவ்வோசை நீடித்தால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழவும், ரிங்குகளைத் தாங்கும் வரம்பு உடையவும் கூடும். மன்னார்ப் பகுதியின் வெயிலிற் காற்றே சூடாக உட்செல்வதால் இவ்வபாயம் இங்கே மேலும் அதிகம்.

ஏ-50 போன்ற கார்களுக்கு 7.2 என்ற தாழ்ந்த விகிதம் வந்தது தற்செயலன்று. உலகப்போருக்குப் பின், 1953 வரையில், இங்கிலாந்தில் வணிகப் பெயரற்ற பொதுப் பெற்றோல் மட்டுமே விற்கப்பட்டது. அதன் ஒக்டேன் எண் எழுபதை ஒட்டியதே. அந்தத் தாழ்ந்த எரிபொருளையும், கடல்கடந்த நாடுகளில் கிடைக்கும் எரிபொருளையும் எண்ணியே அக்காலத்து இயந்திரங்கள் அமைக்கப்பட்டன. இன்று இலங்கையில் விற்கப்படும் பெற்றோல் 92, 95 என்னும் எண்களையுடையது. ஆகவே 8.3 விகிதத்தை 92 பெற்றோல் தாங்கும். 8.9 விகிதமுள்ள 1622 எம்.ஜி.ஏ. இயந்திரத்துக்கு 95 வார்ப்பதே நன்று.

மண்ணெண்ணெய் குடித்த கார்கள்

முதியோரின் நன்றிக்குக் காரணம் இனி வருவது. 1990 ஆம் ஆண்டிலிருந்து வட பகுதிமீது பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் காண்பதற்கரிய பொருளாயிற்று. புதிய கார்கள் பல அசையாது நின்றன. ஓடியவை பெரும்பாலும் ஒஸ்டினும் மொறிசும் போன்ற பழைய கார்களே. சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். கரும்புகையும் கண்ணெரிவும் இருந்தன. ஆயினும் வண்டி நகர்ந்தது. பிரசவ வேதனையுற்ற பெண்ணும், காயமுற்ற பிள்ளையும், காய்ச்சலில் துவண்ட முதியவரும் வைத்தியசாலையை அடைந்தனர். அந்த 7.2 என்ற தாழ்ந்த எண்ணே இதனை இயலச் செய்தது. அமுக்கம் உயர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயைக் கண்டால் இடிஇடித்து உடைந்திருக்கும்.

இந்த வித்தை நமது கடற்றொழிலாளருக்குப் புதிதன்று. படகின் பின்னே பூட்டும் மண்ணெண்ணெய் இயந்திரமும் பெற்றோலிற் பிறந்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறுவதே. அதற்கேற்பத் தாழ்ந்த அமுக்கம் அதனுள் அமைக்கப்பட்டிருக்கிறது. பெற்றோல் இயந்திரத்தின் பிஸ்டனையும் ஹெட்டையும் கேஸ்கெட்டையும் அதற்கு மாற்றிப் போடலாகாது என்பதைக் கரையோரத்துப் பட்டறைக்காரர் அறிவர்.

ஆனால் மண்ணெண்ணெய் தன் கூலியை வாங்காமல் விடவில்லை. முற்றும் எரியாத துளிகள் உருளைச் சுவரில் வழிந்து அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். கீழே இறங்கி இயந்திர எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். எண்ணெய் இல்லாத சுவரில் ரிங்குகள் உராய்ந்தால் இரும்பு தேயும். இன்று பட்டறைக்கு வரும் பழைய இயந்திரங்களின் உட்சுவர்கள் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அன்று மனித உயிரைக் காத்த தேய்வு அது. அதைச் சரிசெய்வதும் அவ்வளவு மதிப்போடு செய்யப்பட வேண்டிய வேலையே.

முதலில் அளவு, பிறகே அலங்காரம்

பிஸ்டன் வாங்கக் கடைக்குப் போகுமுன் உருளையை அளக்க வேண்டும். ஒவ்வோர் உருளையையும் மேல், நடு, கீழ் என மூன்று ஆழங்களில், ஒவ்வோர் ஆழத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளில், ஆக ஆறு முறை அளந்து தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். மிகுந்த தேய்வு மேல் ரிங் வந்து திரும்பும் இடத்துக்குச் சற்றே கீழே, கிராங்குத் தண்டுக்குக் குறுக்கான திசையிற் காணப்படும். அத்தேய்வு ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் பத்துப் பங்கை அணுகிவிட்டால், புதிய ரிங்குகளை மாத்திரம் போட்டுச் சமாளிப்பது வீண் செலவு. நீல நிறப் புகை சில மாதங்களில் மீண்டும் வந்துவிடும்.

அவ்வாறாயின் உருளையைக் கடைந்து பெருப்பித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட வேண்டும். இதனையே 'ஓவர்சைஸ்' என்பர். பி வரிசை 1489 இயந்திரத்துக்கு ஆயிரத்திற் பத்து, இருபது, முப்பது, நாற்பது அங்குலம் என நான்கு படிகள் உண்டு. எந்தப் படியில் தேய்வும் கீறலும் முற்றாக மறைகின்றனவோ, அவற்றுள் மிகக் குறைந்ததே நல்ல படி. இருபதில் தீரும் குறையை நாற்பதுக்குக் கொண்டு செல்பவர், தமக்குப் பின் வரும் இரண்டு தலைமுறையின் பங்கைத் தாமே தின்றவராவார். இருபது ஓவர்சைஸ் செய்வதால் இயந்திரத்தின் கொள்ளளவு 1489 இலிருந்து 1510 அளவுக்கே கூடும். ஆகவே வேகம் வேண்டிப் பெருப்பிப்பதில் பொருளில்லை.

நமது கரையோரத்துக்கு மற்றோர் எச்சரிக்கையும் தேவை. நெடுநாள் நின்ற காரின் உருளைக்குள் உப்புக் காற்று புகுந்து துரு குழிபறித்திருக்கும். குழி ஆழமாயின் நாற்பதிலும் அது தீராது. அப்போது உருளைக்குள் புதிய உறை, அதாவது லைனர், இறக்கிப் பழைய அளவுக்கே மீட்டுக்கொள்ளலாம். செலவு கூடினும் உடைந்த பாறைபோற் கிடக்கும் இயந்திரத்துக்கு இது மறுபிறவி.

அடுத்து வருவது பொன் விதி எனலாம்: பிஸ்டனை வாங்கிய பின்னரே உருளையைக் கடைய வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பிக் கடைந்துவிட்டு, பின்னர் பிஸ்டனுக்கு அலைவது தலைகீழ்ப் பாடம். நான்கு பிஸ்டன்களையும் கடைசல்காரரின் கையிற் கொடுத்து, அவற்றை மைக்குறோமீற்றரில் அளந்து, ஒவ்வொரு பிஸ்டனுக்கும் ஒவ்வோர் உருளையைப் பொருத்திக் கடையச் சொல்லுங்கள். கல்யாணப் பொண்ணின் கையை அளந்த பிறகே வளையல் எடுப்பது போல!

வார்த்ததா, அடித்ததா?

முற்காலத்துப் பிஸ்டன்கள் வார்ப்பிரும்பாலானவை, பாரமானவை. 1913 ஆம் ஆண்டளவில் டி.எப்.பி. என்னும் பிரெஞ்சுக் கார்களை இங்கிலாந்தில் விற்றுவந்த டபிள்யூ. ஓ. பென்ற்லி, அத்தொழிற்சாலையில் அலுமினியத்தாற் செய்த ஒரு காகித அழுத்தியைக் கண்டார். இந்த உலோகத்தில் ஏன் பிஸ்டன் செய்யலாகாது என்று சிந்தித்தார். நூற்றுக்கு 88 பங்கு அலுமினியமும் 12 பங்கு செம்பும் கலந்து வார்த்த பிஸ்டன்களோடு அவருடைய கார் பந்தயங்களில் வெற்றி கண்டது. பின்னாளில் அவர் பெயராலேயே புகழ்பெற்ற கார் நிறுவனம் எழுந்தது. ஒரு மேசைப் பொருளிலிருந்து ஒரு தொழிலுக்கே புதுவழி பிறந்த கதை இது.

அலுமினியத்தின் நன்மை அதன் இலேசு. தீமை, சூட்டில் அது இரும்பைவிட இரு மடங்கு விரிவது. 73 மில்லிமீற்றர் விட்டமுள்ள அலுமினியம் 100 பாகை செல்சியசு சூடேறினால் ஏறத்தாழ 0.17 மில்லிமீற்றர் பெருக்கும். அதே அளவு வார்ப்பிரும்பு 0.08 மட்டுமே பெருக்கும். குளிர்ந்த நிலையிற் பிஸ்டனின் கீழ்ச்சுவருக்கும் உருளைக்கும் இடையே விடப்படும் இடைவெளியோ 0.05 மில்லிமீற்றர் அளவுக்குள் அடங்குவது. அப்படியாயிற் பிஸ்டன் இறுகிவிடாதோ? இறுகாதபடி மூன்று உபாயங்கள் உள்ளன. அலுமினியத்தோடு சிலிக்கன் கலந்து விரிவைக் குறைப்பது ஒன்று. பிஸ்டனை வட்டமாகச் செய்யாமல் சற்றே நீள்வட்டமாகவும், சூடு மிகுந்த தலைப்பக்கத்தைச் சற்றே ஒடுக்கமாகவும் கடைவது மற்றொன்று. சுவரிற் பிளவு விட்டு வெப்பம் பரவுவதைத் தடுப்பது மூன்றாவது. ஆகவே பிஸ்டனின் விட்டத்தை எந்த இடத்தில் அளப்பது என்பதைச் செய்தவரின் குறிப்பைப் பார்த்தே அறிய வேண்டும்.

இன்று கிடைப்பவை இருவகை. அச்சில் ஊற்றி வார்த்தவை ஒருவகை; உலோகத்தைப் பெரும் விசையால் அடித்து உருவாக்கியவை மற்றொருவகை. அடித்தவை வலிமையானவை, பந்தயத்தின் கடுமையைத் தாங்குபவை. ஆனால் அவற்றுட் பல மிகுதியாக விரிவன. எனவே கூடுதலான இடைவெளி வேண்டுவன. காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது அவை உருளைச் சுவரிற் தட்டி ஒலிக்கும். எண்ணெயும் சற்றுக் கூடச் செலவாகும். வார்த்தவை அமைதியானவை, நெருக்கமாகப் பொருந்துபவை. பந்தயத் திடலுக்குப் போகாத காருக்கு வார்த்த பிஸ்டனே தக்கது. வீட்டுத் தேருக்கு யானை கட்டி இழுக்க வேண்டியதில்லை.

சிறு பொருளிற் பெருங் கவனம்

விட்டம் சரியாயிருந்தாற் போதாது. பிஸ்டனையும் கனெக்டிங் ரொட்டையும் இணைக்கும் ஊசியின் தடிப்பும், அந்த ஊசியிலிருந்து தலைவரையுள்ள உயரமும் ஒத்திருக்க வேண்டும். உயரம் கூடினால் பிஸ்டன் ஹெட்டை மோதும். குறைந்தால் அமுக்கம் விழும். எம்.ஜி.ஏ. முதலிய பழைய பி வரிசை இயந்திரங்களில் இந்த ஊசியை ரொட்டின் மேல்முனை ஒரு போல்ற்றால் இறுகப் பிடிக்கிறது. அதற்காக ஊசியின் நடுவே ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். பிற்கால இயந்திரங்களின் பள்ளமற்ற ஊசி இங்கே பொருந்தாது. பொருந்தியதாக எண்ணிப் பூட்டினால் ஊசி பக்கவாட்டில் நகர்ந்து உருளையை ஆழக் கீறிவிடும்.

ரிங்குகளையும் பெட்டியிலிருந்து எடுத்தவாறே மாட்டலாகாது. ஒவ்வொன்றையும் அதற்குரிய உருளைக்குள் தனியே இறக்கி, முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு என்பது பொது வழக்கு. 73 மில்லிமீற்றர் உருளைக்கு அது கால் மில்லிமீற்றர் அளவாகும். இடைவெளி அற்றுப்போனால், சூட்டில் முனைகள் முட்டி ரிங் முறியும். பிஸ்டனின் தலையில் முன்புறக் குறியிருப்பின் அது காரின் முன்பக்கத்தை நோக்குதல் வேண்டும்.

வாங்கும் இடத்திலும் விழிப்பு வேண்டும். பழைய பிரித்தானியக் கார்களுக்குப் பிராட்போர்ட் நகரில் செய்யப்பட்ட ஹெபொலைற் பிஸ்டன்கள் ஒருகாலத்தில் பெயர்பெற்றவை. பழைய இருப்பிலுள்ள பெட்டிகள் இன்றும் சிலவிடங்களிற் கிடைக்கும். ஆயினும் உள்ளேயிருக்கும் ரிங்குகள் துருப்பிடித்தனவா என்று பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். நமக்கு அண்மையிலே, சென்னை செம்பியத்தில், 1949 இல் நிறுவப்பட்ட இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் இருக்கிறது. ஆழ்வார்திருநகரியிற் பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் வளர்த்த அமால்கமேசன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது அது. கடல் கடந்து வந்த கார்களுக்குக் கடல் கடந்தே உறுப்பு வரவேண்டும் என்றிருந்த நிலையைத் தமிழ்நாட்டுத் தொழிலாளரின் கைகள் மாற்றின என்பதை மாணவர் அறிதல் நன்று. எவர் செய்ததாயினும், நான்கும் ஒரே தொகுதியைச் சேர்ந்தனவா, முத்திரையும் அளவும் ஒத்தனவா எனச் சோதியுங்கள். மைக்குறோமீற்றர் சொல்வதே முடிவான சாட்சி; கடைக்காரரின் வாக்கு அன்று.

எதைத் தெரிவது?

இனி நமது கருத்தைக் கூறுவோம். எம்.ஜி.ஏ. போன்ற விளையாட்டுக் காரை உடையவர், அது பிறந்தபோது பெற்ற 8.3 விகிதத்தையே மீட்டுக் கொடுக்கட்டும். அதன் குணமே அது. தாழ்த்தினால் அந்தக் கார் அந்தக் காராயிராது. அதனைப் பந்தயத்துக்கு ஓட்டுவதாயின் அடித்த பிஸ்டன் போடலாம். திருமணத்துக்கும் ஞாயிறு உலாவுக்கும் ஓட்டுவதாயின் வார்த்ததே போதும்.

வாடகைக்கும் வீட்டுக்கும் உழைக்கும் ஒஸ்டின் காரை உடையவருக்கு, அதன் பழைய 7.2 விகிதத்தையே பரிந்துரைக்கிறோம். உயர்ந்த அமுக்கத்தால் எரிபொருள் சிறிது மிச்சமாகும் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் பொய்யன்று; நாலரை விழுக்காடு உண்மையே. ஆனால் நாம் வாழ்ந்து கண்ட வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. 1990களின் தடையை மறந்தவர்களுக்கு 2022 மீண்டும் நினைவூட்டியது. அவ்வாண்டில் நாடெங்கும் எரிபொருள் வரிசைகள் நீண்டன; வாராந்தப் பங்கீட்டுக்கு அனுமதிக் குறியீடு வேண்டியதாயிற்று; ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிக் கடற்றொழிலாளரை வாட்டியது. காரை மண்ணெண்ணெயில் ஓட்டுக என்று நாம் கூறவில்லை. தரங்குறைந்த எரிபொருள் வரும் நாளிலும், வெயிலில் பாரமேற்றிச் செல்லும் வேளையிலும், பொறுத்துப் போகும் இயந்திரமே ஏழைக் குடும்பத்துக்கு உற்ற துணை என்கிறோம்.

புதிய பிஸ்டன் போட்ட பின் முதல் 500 மைல், அதாவது 800 கிலோமீற்றர், மெல்ல ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் ஓட்டாது கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள், பாரமேற்றாதீர்கள். ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று அறிந்து பழகும் காலம் அது. சமதரையாகக் கிடக்கும் நமது ஏ-32 வீதி இதற்கு மிக வாய்ப்பானது. பின்னர் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

இந்த வேலையில் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுமாறு பெற்றோரை வேண்டுகிறோம். ஓர் உருளையை ஆறு முறை அளந்து தாளிற் குறிக்கும் மகனும், அமுக்க விகிதத்தைக் கணக்கிடும் மகளும், பாடநூலின் பத்துப் பக்கங்களை ஒரு பிற்பகலில் கற்றுவிடுவர். பொறுமையாக அளப்பது, தேவைக்கு மேல் சீவாதிருப்பது, பொருந்துவதையே தெரிவது ஆகிய மூன்றும் இயந்திரத்துக்கு மட்டுமன்றி இல்லறத்துக்கும் ஏற்ற பாடங்களே.